ஜப்பான் பெண்கள் மல்யுத்தப் பட்டங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டபிள்யூ.டபிள்யூ.இ.யில் அசுகாவையும் இயோ ஸ்கையையும் பார்த்து ரசித்தவர்களில் சிலர், இவர்கள் வளர்ந்த இடத்தைத் தேடிக்கொண்டு ஜப்பான் பக்கம் வருகிறார்கள். வந்ததும் குழப்பம் பட்டங்களில்தான் தொடங்குகிறது. சிவப்பு பெல்ட் என்கிறார்கள், வெள்ளை பெல்ட் என்கிறார்கள், வி10 என்கிறார்கள், ஒவ்வோர் அமைப்புக்கும் தனித்தனிப் பட்டங்கள் வேறு. நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜோஷி என்கிறார்களே, அது என்ன?

ஜப்பானிய மொழியில் 'ஜோஷி' என்றால் பெண்கள். தொழில்முறை மல்யுத்தத்தை அங்கே 'புரோரெசு' என்று சுருக்கிச் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்தால் பெண்கள் மல்யுத்தம். அங்கே இது ஆண்கள் நிகழ்ச்சியின் நடுவே வந்துபோகும் ஓர் அங்கம் அல்ல. பெண்கள் மட்டுமே ஆடும் தனி அமைப்புகள், தனி அரங்கு நிகழ்ச்சிகள், தனி ரசிகர்கள் என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவருகிறது.

முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டதுதானே? அப்புறம் பட்டத்துக்கு என்ன மதிப்பு?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆமாம், யார் ஜெயிப்பார் என்பது முன்பே தெரிந்த விஷயம். ஆனால் விழுகிற அடி உண்மை.

1987 ஏப்ரலில் ஹிசாகோ உனோ என்ற பெண் இணையர் பட்டத்தைக் காக்க ரிங்கில் இறங்கினார். மூன்றில் இரண்டு சுற்று ஜெயிக்க வேண்டிய ஆட்டம். முதல் சுற்றிலேயே கயிற்றின் மேலிருந்து தலைகீழாகப் போடப்பட்டதில் அவர் கழுத்து எலும்பு முறிந்தது. அவர் எழுந்தார். இரண்டு கைகளாலும் தன் தலையைத் தானே தாங்கிப் பிடித்துக்கொண்டு மிச்ச ஆட்டத்தையும் ஆடி முடித்தார். அப்படி ஆடியது சரி என்று நான் சொல்ல மாட்டேன், யாரும் அந்த நிலையில் ஆடக் கூடாது. ஆனால் அந்த பெல்ட் அவருக்கு என்னவாக இருந்தது என்பதை அது காட்டுகிறது. பின்னாளில் அகிரா ஹொகுடோ என்ற பெயரில் திரும்பி வந்து 1990களின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவரானார். 1996 கடைசியில் அமெரிக்காவின் டபிள்யூ.சி.டபிள்யூ. பெண்கள் பட்டத்தின் முதல் சாம்பியனும் அவரே.

பட்டத்தை ஒருவரிடம் கொடுக்கிறார்கள் என்றால், இனி கடைசி ஆட்டம் உன்னுடையது, அரங்கை நிரப்புவது உன் பொறுப்பு, இளையவர்களை வளர்ப்பதும் உன் பொறுப்பு என்று அர்த்தம். அதனால் யாரிடம் பெல்ட் இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பாருங்கள். நான் இந்த வரலாற்றைப் படிப்பதே அப்படித்தான்.

சிவப்பு பெல்ட், வெள்ளை பெல்ட் என்ன வித்தியாசம்?

இது அனைத்து ஜப்பான் பெண்கள் மல்யுத்தம் என்ற பழைய அமைப்பிலிருந்து வந்த வழக்கம். சுருக்கமாக 'ஜென்ஜோ' என்பார்கள். மட்சுனாகா சகோதரர்கள் 1968இல் தொடங்கியது. அதன் உச்சப் பட்டமான டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ.ஏ. உலக ஒற்றையர் பெல்ட்டின் தோல்வார் சிவப்பு. அடுத்த நிலையில் இருந்த ஆல் பசிபிக் பட்டத்தின் வார் வெள்ளை. நீளமான பெயர்களைச் சொல்வதைவிட நிறத்தைச் சொல்வது சுலபம், ரசிகர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

ஜென்ஜோ 2005இல் மூடப்பட்டது. ஆனால் நிறங்கள் போகவில்லை. அங்கே பல ஆண்டுகள் வேலை பார்த்த ரோஸி ஒகாவா பின்னாளில் ஸ்டார்டம் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஸ்டார்டத்தின் முதல் நிகழ்ச்சி 2011 ஜனவரியில் நடந்தது. அதே ஆண்டு ஜூலையில் வந்த வேர்ல்டு ஆஃப் ஸ்டார்டம் பட்டத்துக்குச் சிவப்பு வார், வொண்டர் ஆஃப் ஸ்டார்டம் பட்டத்துக்கு வெள்ளை வார். சிவப்பின் முதல் சாம்பியன் நனாயே டகாஹாஷி, ஜென்ஜோவில் ஆடி வளர்ந்தவர். வெள்ளையின் முதல் சாம்பியன் யுசுகி அய்காவா, கவர்ச்சி மாடலாக இருந்து ரிங்குக்கு வந்தவர். இந்த இரண்டு தேர்வுகளிலேயே இரண்டு பெல்ட்டின் குணமும் தெரிந்துவிடும். சிவப்பு, யார் பலசாலி என்று கேட்கும். வெள்ளை, யார் மனதைத் தொடுகிறார் என்று கேட்கும். எழுதி வைத்த விதி இல்லை, ஆனால் வெள்ளை பெல்ட் ஆட்டங்களில் பகையும் பொறாமையும் கண்ணீரும் கூடுதலாக இருப்பதைப் பார்க்கலாம்.

இரண்டையும் ஒரே நேரத்தில் இடுப்பில் கட்டிய முதல் ஆள் மாயு இவடானி, 2017இல். 2023இல் தாம் நகானோவும் அதைச் செய்தார்.

இதெல்லாம் எங்கே தொடங்கியது?

அமெரிக்காவின் மில்ட்ரெட் பர்க் 1954இல் தன் குழுவோடு ஜப்பானுக்கு வந்து ஆடினார். பெண்கள் மல்யுத்தம் அங்கே வேர்பிடித்தது அந்தப் பயணத்தில்தான். பர்க் நடத்திய அமைப்பின் பெயர்தான் டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ.ஏ. அதனால் 1970இல் அந்தப் பட்டம் ஜப்பானுக்கு வந்தபோது முதல் சாம்பியனாக இருந்தது மேரி வாக்னோன் என்ற அமெரிக்கர். அதே ஆண்டு அக்டோபரில் ஐகோ கியோ அவரைத் தோற்கடித்து பெல்ட்டை ஜப்பானியர் கைக்குக் கொண்டுவந்தார்.

1970களின் முதல் பாதி முழுக்க, வெளிநாட்டிலிருந்து வரும் பலசாலியிடம் பட்டம் போவதும் உள்ளூர்ப் பெண் மீட்பதும்தான் கதை. 1975இல் மாக் ஃபுமியாகே 16 வயதில் சாம்பியன் ஆனபோது கதை மாறத் தொடங்கியது. அடுத்த ஆண்டு பியூட்டி பேர் என்ற இணை வந்தது: ஜாக்கி சாட்டோ, மகி உவேடா. இருவரும் ரிங்கில் பாட்டும் பாடினார்கள், இசைத்தட்டு விற்றுத் தீர்ந்தது. அதுவரை ஆண்கள் நிறைந்திருந்த இருக்கைகளில் பள்ளி மாணவிகள் வந்து உட்கார்ந்தார்கள்.

தோற்றால் ஓய்வு என்று ஆட்டம் வைப்பார்களாமே?

வைப்பார்கள். அதில் இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். நடுவே 46 ஆண்டு இடைவெளி.

1979 பிப்ரவரி 27, டோக்கியோ புடோகன் அரங்கு. எதிரெதிரே நின்றவர்கள் அந்த பியூட்டி பேர் தோழிகளே. தோற்பவர் ஓய்வு பெற வேண்டும். ஜாக்கி ஜெயித்தார், மகி உவேடா போனார். நாட்டையே கட்டிப்போட்ட ஒரு ஜோடி அன்றோடு முடிந்தது. ஜாக்கியிடம் இருந்த சிவப்பு பெல்ட்டை 1981 பிப்ரவரியில் 19 வயது ரிமி யொகோட்டா எடுத்துக்கொண்டார். ஜாகுவார் யொகோட்டா என்று உலகம் அறிவது அவரைத்தான்.

2025 ஏப்ரல் 27, யொகோஹாமா அரீனா. சிவப்பு பெல்ட் சாம்பியன் சயா கமிடானி, எதிரே தாம் நகானோ. கமிடானி பெல்ட்டைப் பெற்றதே தாமிடமிருந்துதான், 2024 டிசம்பர் 29 அன்று. மார்ச்சில் நடந்த இன்னோர் ஆட்டத்தில் தோற்ற தாம், அதன் நிபந்தனைப்படி ஸ்டார்டத்தை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. கடைசியாகத் தன் தொழில் வாழ்க்கையையே பணயம் வைத்து வந்தார். தோற்றார், ஓய்வு பெற்றார்.

அந்த ஆட்டத்தை முடிவு தெரிந்த பிறகும் நான் இரண்டு முறை பார்த்தேன். சாம்பியனாக இருப்பதன் பாரம் என்னவென்று கமிடானியின் முகத்தில் பார்க்கலாம். எதிரே நிற்பவரின் கடைசி நாள் இது, அதை ஒழுங்காக முடித்துவைப்பது தன் கையில் இருக்கிறது என்ற பாரம்.

எல்லாப் பட்ட மாற்றங்களிலும் பெரியது எது?

என்னைக் கேட்டால் தயங்காமல் சொல்வேன்: 1992 நவம்பர் 26, கவாசாகி. புல் நகானோவிடமிருந்து ஆஜா கோங்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1980களின் நடுவில் ஜென்ஜோவைத் தூக்கி நிறுத்தியது கிரஷ் கேல்ஸ் என்ற இணை, சிகுசா நகாயோவும் லயனஸ் அசுகாவும். அவர்களை அடித்து நொறுக்கும் வில்லியாக டம்ப் மட்சுமோட்டோ. ஜென்ஜோவில் குடி, புகை, காதல் மூன்றுக்கும் தடை இருந்தது, 25 வயதில் ஓய்வு என்ற எழுதாத சட்டமும் இருந்தது. 1989இல் சிகுசாவும் லயனஸும் போனதும் அரங்குகள் வெறிச்சோடின. அந்த நேரத்தில், 1990 ஜனவரி 4 அன்று, காலியாக இருந்த சிவப்பு பெல்ட் புல் நகானோவிடம் வந்தது. டம்ப்பின் கும்பலில் அடியாளாக இருந்தவர், பாதித் தலையை மழித்துக்கொண்டு திரிந்தவர், எல்லோரும் வெறுத்தவர். அமைப்பே தள்ளாடிய காலத்தில் அதைத் தோளில் சுமந்தவர் அவர்தான்.

ஆஜா கோங் அவருடைய கும்பலில் இருந்து பிரிந்து வந்தவர். அப்பா கறுப்பின அமெரிக்க ராணுவ வீரர், அம்மா ஜப்பானியர். தோல் நிறத்துக்காகச் சின்ன வயதிலிருந்தே கேலியும் ஒதுக்கலும் பட்டவர். இருவருக்கும் நடுவே இரண்டு ஆண்டுக்கு மேல் பகை ஓடியது. 1990 நவம்பரில் யொகோஹாமாவில் இரும்புக் கூண்டுக்குள் ஓர் ஆட்டம். புல் கூண்டின் உச்சிக்கு ஏறினார், ஏறக்குறைய நாலு மீட்டர். அங்கே நின்று இரண்டு கைகளையும் கூப்பினார். பிறகு கீழே படுத்திருந்த ஆஜாவின் மேல் காலை நீட்டிக் குதித்தார். வில்லியாக இருந்த புல்லை அதற்குப் பிறகு யாரும் வெறுக்கவில்லை.

அப்படிப்பட்டவரிடமிருந்து 1,057 நாள் கழித்து ஆஜா பெல்ட்டை எடுத்தார். பல முறை முயன்று தோற்ற பிறகு கிடைத்தது, அதனால்தான் அதற்கு அவ்வளவு எடை. புல் முதல் முயற்சியிலேயே விட்டுக்கொடுத்திருந்தால் ஆஜா வெறும் இன்னொரு சாம்பியன். ஆஜாவும் பெல்ட்டை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்து, 1995 மார்ச் 26 அன்று மனாமி டொயோடாவிடம் தோற்றார்.

வி1, வி2, வி10 என்றால்?

பட்டத்தைக் காத்த எண்ணிக்கை. சாம்பியன் ஆன பிறகு முதல் சவாலை வென்றால் வி1, பத்தாவதை வென்றால் வி10. அங்கே பத்திரிகைகள் நாள் கணக்கைவிட இதைத்தான் பெரிதாகப் போடும். ஓராண்டு பெல்ட்டை வைத்துக்கொண்டு மூன்று முறை ஆடியவரைவிட எட்டு மாதத்தில் பத்து முறை காத்தவருக்குத்தான் மரியாதை அதிகம். கமிடானி 2021 டிசம்பர் 29 முதல் 2023 ஏப்ரல் 23 வரை வெள்ளை பெல்ட்டை 15 முறை காத்தது அந்தப் பட்டத்தின் சாதனையாகப் பேசப்பட்டது.

நேரம் முடிந்து சமனில் போனாலும் பெல்ட் சாம்பியனிடமே தங்கும். டொயோடாவும் கியோகோ இனோவேவும் 1995 மே 7 அன்று கொராகுவென் ஹாலில் முழுதாக 60 நிமிடம் ஆடிச் சமன் செய்தார்கள். இன்றைய ஆட்கள் மாரத்தான் ஓடுவதில்லை என்று நினைக்காதீர்கள். 2021 ஜூனில் உதாமி ஹயஷிஷிதாவும் ஷுரியும் 30 நிமிடம் முடிந்து சமன் ஆனது. அப்படியே விடாமல் நேர வரம்பை எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினார்கள். 40 நிமிடத்தையும் தாண்டி, இருவருமே எழ முடியாமல் கிடந்ததில்தான் முடிந்தது. ஷுரி பெல்ட்டைப் பெற அந்த டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பட்ட ஆட்டம் எப்படி நடக்கும்? சாதாரண ஆட்டத்திலிருந்து என்ன வேறுபாடு?

முன்னேற்பாடே வேறு. சில நாள் முன்பு பத்திரிகையாளர் கூட்டம், இருவரும் மேசையில் உட்கார்ந்து கையெழுத்திடுவார்கள், நடுவில் பெல்ட். ஆட்ட நாளில் அங்கீகாரப் பத்திரத்தை ஒருவர் ரிங்கில் நின்று உரக்கப் படிப்பார். சாம்பியன் பெல்ட்டைக் கழற்றித் திருப்பித் தருவார். அந்த நொடியில் அது அவருடையது அல்ல. நடுவர் அதை உயர்த்தி நாலு பக்கமும் காட்டுவார்.

அறிவிப்பாளர் பெயரைச் சொல்லி முடிக்கும் கணத்தில், ரசிகர்கள் அவரவர் ஆளுக்கான நிறத்தில் காகிதச் சுருள்களை வீசுவார்கள். நூற்றுக்கணக்கான நாடாக்கள் விரிந்து தோளிலும் தலையிலும் விழ, அவர் அசையாமல் நிற்பார். உடனே பயிற்சிப் பெண்கள் கயிற்றடியில் நுழைந்து இரண்டு கையாலும் அள்ளி வெளியே தள்ளுவார்கள். சில விநாடிகளில் ரிங் சுத்தம். அள்ளுகிற பெண்களின் முகத்தைப் பாருங்கள். நாளைய சாம்பியன் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

தோற்றால் தலைமுடியை மழிப்பார்களா?

எப்போதும் இல்லை. பகை முற்றிய ஆட்டத்துக்கு மட்டும் அந்த நிபந்தனை. 1985 ஆகஸ்டில் ஒசாகாவில் சிகுசா நகாயோ டம்ப் மட்சுமோட்டோவிடம் தோற்று, அரங்கு நிறைந்த மாணவிகள் கதற, ரிங்கிலேயே மொட்டை அடிக்கப்பட்டார். 2021 மார்ச் 3 அன்று புடோகனில் வெள்ளை பெல்ட்டோடு முடியும் பணயம். சாம்பியன் ஜூலியா தாம் நகானோவிடம் தோற்றார். கத்தரித்தால் போதும் என்று விட்டிருக்கலாம். அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்து முழுதாக மழிக்கச் சொன்னார். இரண்டு பெண்களையும் நட்சத்திரங்களாக்கியது அந்த ஒரே இரவு.

காயம் பட்டால் பெல்ட் என்ன ஆகும்?

திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், காலி என்று அறிவித்துப் புதிய ஆட்டம் வைப்பார்கள். 2020 மே மாதம் அரிசா ஹொஷிகி காயத்தால் ஓய்வை அறிவித்தபோது வெள்ளை பெல்ட் அப்படித்தான் காலியானது. தாம் நகானோ 2023இல் முழங்கால் காயத்தால் சிவப்பை விட்டார். இதைவிடக் கொடுமை 2017இல் மாயு இவடானிக்கு நடந்தது. டோனி ஸ்டார்முடன் ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் முழங்கை இடம் விலகியது, நடுவர் நிறுத்தினார், சிவப்பு பெல்ட் கைமாறியது.

மற்ற அமைப்புகளின் பட்டங்கள்?

டோக்கியோ ஜோஷி புரோ அமைப்பின் உச்சப் பட்டம் பிரின்சஸ் ஆஃப் பிரின்சஸ், 2016 ஜனவரி 4 முதல், முதல் சாம்பியன் மியு யமாஷிதா. ஐஸ் ரிப்பனின் முதன்மைப் பட்டம் முன்பு 60 கிலோ எடை வரம்போடு இருந்தது. அங்கேயே மூவர் மோதும் ஆட்டத்தில் மட்டும் கைமாறும் ட்ரையாங்கிள் ரிப்பன் என்ற பட்டமும் உண்டு. மெய்கோ சடோமுரா வளர்த்த செண்டாய் கேர்ள்ஸ் அமைப்புக்கும் தனி உலகப் பட்டம் இருக்கிறது. 2024இல் ரோஸி ஒகாவா ஸ்டார்டத்திலிருந்து பிரிந்து மேரிகோல்டு அமைப்பைத் தொடங்கினார். அதன் முதல் உலகச் சாம்பியன் சரீ, ஜூலை 13 அன்று ரியோகொகு அரங்கில் ஜூலியாவைத் தோற்கடித்தவர்.

ஓர் அமைப்பின் பட்டத்தை வேறு அமைப்பின் ஆள் ஜெயித்துக்கொண்டு போவதும் நடக்கும். ஜப்பானியர்கள் அதை 'வெளியே ஒழுகிவிட்டது' என்பார்கள். 1995 ஆகஸ்டில் ஜே.டபிள்யூ.பி.யின் டைனமைட் கன்சாய் ஜென்ஜோவின் சிவப்பு பெல்ட்டைக் கொண்டுபோனார். டிசம்பரில் டொயோடா போய் மீட்டுவந்தார்.

ஐ.டபிள்யூ.ஜி.பி. பெண்கள் பட்டம் யாருடையது?

ஆண்கள் அமைப்பான நியூ ஜப்பானுடையது. 2022 நவம்பர் 20 அன்று கைரி முதல் சாம்பியன். பிறகு மெர்சிடிஸ் மோனே, அவரிடமிருந்து 2023 ஏப்ரலில் மாயு இவடானி. மாயு இரண்டு ஆண்டு வைத்திருந்து, தாம் ஓய்வு பெற்ற அதே 2025 ஏப்ரல் 27 இரவில் ஷுரியிடம் இழந்தார்.

எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

பழையதில் புல், ஆஜா கூண்டு ஆட்டம், பிறகு 1992 நவம்பர் ஆட்டம். இந்த வரிசையில் பாருங்கள், மாற்றிப் பார்த்தால் பாதிச் சுவை போய்விடும். புதியதில் 2021 மார்ச் புடோகன் ஆட்டத்தில் தொடங்கி, தாம் நகானோவை மட்டும் பின்தொடர்ந்து 2025 ஏப்ரல் வரை வாருங்கள். நேரலையில் பார்க்க ஆசை என்றால், ஜப்பான் நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே நண்பகல் 12க்குத் தொடங்கும் ஞாயிறு நிகழ்ச்சி நமக்குக் காலை எட்டரை. பட்ட ஆட்டம் கடைசியில்தான் வரும், பதினொரு மணிவாக்கில் போன் பக்கத்தில் இருந்தால் போதும்.